வெங்காயம், பூண்டில் அடியழுகல்: தாள் மஞ்சளாகும் முன் செய்ய வேண்டியவை

கேள்வி இதுதான்: வெங்காயத்தாள் நுனியிலிருந்து மஞ்சளாகிக் காய்கிறது, இழுத்தால் வேரே இல்லாமல் கையோடு வருகிறது, அடி அழுகியிருக்கிறது, பக்கத்துப் பாத்திப் பூண்டிலும் அதே நிலை. எந்த மருந்து அடிக்கலாம்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாள் மஞ்சளான செடியை எந்த மருந்தும் மீட்காது. அழுகல் தொடங்குவது மண்ணுக்குள், வேர்கள் கிளம்பும் அடித்தட்டில். தாளில் அடையாளம் தெரியும்போது அங்கே பாதி வேலை முடிந்திருக்கும். செடிக்குள் ஊடுருவும் பூசணக்கொல்லிகளிலும் பெரும்பாலானவை கீழிருந்து மேலாகத்தான் நகரும். தாளில் அடித்தது அடித்தட்டுக்கு இறங்காது. அதனால்தான் கைத்தெளிப்பானில் மூன்று முறை அடித்தும் பலன் இல்லை என்ற புலம்பல் எல்லா இடத்திலும் கேட்கிறது. இந்த நோயை வெல்வது நடவுக்கு முன்னால்: நிலத் தேர்விலும் விதைத் தேர்விலும். நின்ற பயிரில் செய்யக்கூடியது பரவலை நிறுத்துவது மட்டும்.

அதற்கும் முன்னால், எந்த அழுகல் என்று தெரிய வேண்டும். நன்றாக இருக்கும் இடத்துக்கும் செத்த இடத்துக்கும் நடுவே, இப்போதுதான் மஞ்சளாகத் தொடங்கிய செடிகளில் பத்தை மண்ணோடு தோண்டி எடுங்கள். முழுதாகச் செத்த செடியை எடுக்காதீர்கள். அதில் எல்லாப் பூசணமும் குடியேறியிருக்கும், முதல் குற்றவாளி யாரென்று தெரியாது. குமிழைக் கழுத்திலிருந்து அடிவரை நெடுக்காக இரண்டாகப் பிளந்து அடித்தட்டைப் பாருங்கள்.

அடித்தட்டு பழுப்பாகி, அந்தப் பழுப்பு குமிழின் உள்அடுக்குகளின் அடிப்பகுதிக்கு ஏறியிருந்தால், வேர்கள் கருத்துச் சுருங்கி உதிர்ந்திருந்தால், அது பெரும்பாலும் பியூசேரியம் என்ற பூசணத்தால் வரும் அடியழுகல். ஈரம் இருந்தால் அடியில் வெண்பூசணம் பூத்திருக்கும். இது வெப்ப நோய். மண்ணின் வெப்பம் 25 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது வேகமெடுக்கும். 15 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய அடங்கியிருக்கும்.

அடியில் அடர்த்தியான பஞ்சு போன்ற வெண்பூசணமும், அதில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான கரும் உருண்டைகள் ஒட்டிக்கொண்டும் இருந்தால் அது வெள்ளை அழுகல். இது குளிர் நோய். மண் 10 முதல் 20 டிகிரியில் இருக்கும்போது தாக்கும், 24 டிகிரியைத் தாண்டினால் நின்றுவிடும். மலைப்பகுதிப் பூண்டிலும் குளிர்காலப் பயிரிலும் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கரும் உருண்டைக்குப் பதிலாகக் கடுகளவில் செம்பழுப்பு உருண்டைகளும், மண்மட்டத்தில் விசிறியாகப் படரும் வெண்பூசணமும் இருந்தால் அது ஸ்கிளீரோசியம் ரோல்ஃப்சி என்ற பூசணம். இதுவும் வெப்பத்தில் வருவதுதான். மட்காத தழை, வைக்கோல் மண்மட்டத்தில் கிடந்தால் அதன்மேல் வளர்ந்து பயிருக்குத் தாவும்.

வேர்கள் மட்டும் இளஞ்சிவப்பாகி, பிறகு ஊதாவாகிச் சுருங்க, குமிழ் கெடாமல் சிறுத்தே நின்றுவிட்டால் அது இளஞ்சிவப்பு வேர் நோய். செடியைக் கொல்வது குறைவு, விளைச்சலைக் குறைப்பது அதிகம். ஆனால் அந்த நைந்த வேர்கள் வழியாகப் பியூசேரியம் சுலபமாக நுழையும். ஒரே வயலில் இரண்டும் சேர்ந்தே இருப்பதுண்டு.

இன்னொன்று முக்கியம். பிளந்த குமிழில் ஒரு அடுக்கு மட்டும் குழைந்து நீர்த்து, அழுத்தினால் நாற்றமடிக்கும் நீர் வடிந்தால் அது பாக்டீரியா அழுகல். பூசணக்கொல்லி அதற்கு ஒரு துளியும் வேலை செய்யாது. வடிகால், தண்ணீரைக் குறைப்பது, காயம்படாமல் பார்ப்பது ஆகியவையே வழி. பூசண அழுகல் தொடக்கத்தில் உலர்ந்ததாக, நார்த்தன்மையோடு இருக்கும், நாற்றம் இருக்காது. முகர்ந்து பார்ப்பது நல்ல சோதனை.

கண்ணுக்குத் தெளிவில்லை என்றால், பழுப்படைந்த அடித்தட்டை வெட்டி, ஈரத்தாளில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் பூசணம் வெளியே வளரும். வெள்ளை அழுகலின் கரும் உருண்டைகளுக்கு மட்டும் ஒரு வாரம் பத்து நாள் பொறுக்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் தாவர நோயியல் ஆய்வகத்துக்கு மாதிரியை மண்ணோடு அனுப்புங்கள், கழுவி அனுப்பாதீர்கள்.

பெயர் வைத்துப் பிரிப்பதற்கு இவ்வளவு இடம் கொடுக்கக் காரணம், நிலத்தை என்ன செய்வது என்ற முடிவு முழுக்க இதைப் பொறுத்ததுதான். பியூசேரியம் தடித்த சுவருள்ள வித்துகளாக மண்ணில் பல ஆண்டு தங்கும். ஆனாலும் வெங்காயக் குடும்பமே இல்லாமல் மூன்று நான்கு ஆண்டுகள் சோளம், மக்காச்சோளம், கம்பு, கோதுமை போன்ற தானியங்களைச் சுற்றினால் அதன் அளவு தாக்குப்பிடிக்கும் அளவுக்கு இறங்கும். இங்கே குடும்பம் என்றால் வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு, லீக்ஸ், வெங்காயத்தாளுக்காக வளர்ப்பது எல்லாமே. வெங்காயத்துக்குப் பிறகு பூண்டு போடுவது பயிர் சுழற்சி ஆகாது. சுழற்சிக் காலத்தில் தானாக முளைக்கும் தப்பு வெங்காயத்தையும் களைய வேண்டும். வரப்போரம் நிற்கும் நாலு செடிகூட பூசணத்துக்குத் தீனிதான்.

வெள்ளை அழுகலுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதன் கரும் உருண்டைகள் பயிரே இல்லாமல் 20 ஆண்டுக்கு மேல் உயிரோடு கிடக்கும். ஒரு கிலோ மண்ணில் பத்து இருபது உருண்டை இருந்தாலே பயிர் ஏறக்குறைய முழுதும் போய்விடும். அப்படிப்பட்ட நிலத்தில் வெங்காயமும் பூண்டும் போடாமல் விடுவதே சரியான முடிவு. மனம் ஒப்பாதுதான், ஆனால் அந்த நிலத்தில் செலவழிக்கும் மருந்துப் பணம் திரும்பி வராது. கூடவே அங்கே ஓடிய கலப்பை, டிராக்டர் சக்கரம், மண்வெட்டி, செருப்பு எதையும் கழுவாமல் அடுத்த வயலில் இறக்காதீர்கள். அங்கிருந்து வழியும் தண்ணீரும் உருண்டைகளைச் சுமந்து போகும்.

இந்தப் பூசணத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. வெங்காயக் குடும்பத்து வேர்கள் கசியும் கந்தகச் சேர்மத்தின் வாசனை எட்டினால் மட்டுமே அந்த உருண்டைகள் முளைக்கும். ஆகவே பயிர் இல்லாத வெற்று நிலத்தில் பூண்டுச் சாற்றையோ பூண்டுப் பொடியையோ மண்ணில் கலந்து ஈரம் காத்தால், பயிர் வந்துவிட்டது என்று உருண்டைகள் முளைத்து, ஒட்ட வேர் கிடைக்காமல் செத்துப்போகும். இதே தத்துவத்தில் டைஅல்லைல் டைசல்பைடு என்ற சேர்மத்தையும் பயன்படுத்துகிறார்கள். மண் 15 முதல் 18 டிகிரியில் இருக்கும்போது செய்தால்தான் பலன். கோடையில் செய்தால் உருண்டை அசையாது. எண்ணிக்கை வெகுவாகக் குறையும், பூஜ்யம் ஆகாது. வீட்டுத்தோட்டப் பாத்திக்கு இது நல்ல வழி.

வெயில் கடுமையாக உள்ள இடங்களில் பியூசேரியத்துக்கும் ரோல்ஃப்சிக்கும் மண்ணைச் சூடேற்றுவது உதவும். நிலத்தைப் பொடியாக உழுது, நன்றாக நனைத்து, 25 முதல் 50 மைக்ரான் கனமுள்ள நிறமற்ற பாலித்தீன் தாளை மண்ணோடு ஒட்டி விரித்து, விளிம்புகளை மண்ணில் புதைத்து, ஆண்டின் கடும் வெயில் மாதத்தில் நான்கு முதல் ஆறு வாரம் விட வேண்டும். கறுப்புத் தாளில் இந்த அளவுக்குச் சூடு ஏறாது. காய்ந்த மண்ணில் விரித்தாலும் பலன் குறைவு, ஈரம்தான் வெப்பத்தைக் கீழே கடத்துகிறது. எடுத்தபின் ஆழமாக உழக்கூடாது. அடிமண்ணில் சூடு படாத பூசணத்தை நீங்களே மேலே கொண்டுவந்தது போலாகும். நாற்றங்காலுக்கு இது அருமையான முறை, பெரிய பரப்பில் தாள் செலவைப் பார்க்க வேண்டும்.

இனி விதை. என் பார்வையில் பாதி நோய் விதையோடுதான் வயலுக்குள் வருகிறது. பியூசேரியம் பிடித்த வயலில் வெளியே பார்க்கத் திடமாக இருக்கும் குமிழுக்குள்ளும் பூசணம் அடங்கியிருக்கும். சேமிப்பில் அடியிலிருந்து அழுகுவது அதுதான். விதை வெங்காயம் வாங்குமுன் குவியலின் மேல், நடு, அடி என்று பல இடங்களிலிருந்து 100 குமிழ் எடுத்துப் பிளந்து பாருங்கள். இரண்டு மூன்றுக்கு மேல் அடித்தட்டு பழுப்பாக இருந்தால் அந்தக் குவியலை விதைக்கு எடுக்காதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

பூண்டில் கூடுதல் கவனம் வேண்டும். நடவுக்காகப் பல் பிரிக்கும்போது ஒரு நீலப்பூசணப் பல் உடைந்தால், அதன் வித்துகள் தூசியாகப் பறந்து கூடையிலுள்ள நல்ல பல்லிலெல்லாம் ஒட்டும்; உடைக்கும்போது பட்ட காயம் அதற்கு வாசல். ஆகவே நடவுக்கு முதல்நாளோ அன்றோ மட்டும் பிரியுங்கள், வாரக்கணக்கில் பிரித்து வைக்காதீர்கள். தோல் உரிந்தது, அடித்தட்டு பிய்ந்தது, லேசானது, புள்ளி விழுந்தது எல்லாம் ஒதுக்குங்கள். விரலால் அழுத்தினால் கல் போல இருக்கும் பல்தான் விதை. வெள்ளை அழுகல் அபாயம் உள்ள விதைப் பூண்டை 46 டிகிரி வெந்நீரில் முக்குவது பூசணத்தைக் குறைக்கும். ஆனால் 49 டிகிரியைத் தாண்டினால் பல்லே செத்துவிடும். வெப்பமானி இல்லாமல் இதில் இறங்காதீர்கள். முழுச் சுத்தம் கிடைக்காது என்பதால், நோய் வயல் பூண்டை விதையாக்க இதைச் சாக்காகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

விதை நேர்த்தியில் இரண்டு பாதைகள் உண்டு, இரண்டையும் கலக்கக் கூடாது. உயிரியல் பாதை என்றால் ஒரு கிலோ விதைக் குமிழுக்கு அல்லது பூண்டுப் பல்லுக்கு டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூசணத்தை அடக்கும் நல்ல பூசணம்) 5 கிராம், சூடோமோனாஸ் ஃப்ளுரசன்ஸ் (அதே வேலை செய்யும் நல்ல பாக்டீரியா) 5 கிராம். ஒரு ஏக்கருக்கு 600 கிலோ விதைச் சின்ன வெங்காயம் என்றால் ஒவ்வொன்றிலும் 3 கிலோ வேண்டும். ஆறிய அரிசிக் கஞ்சியைத் தெளித்துப் பிசுபிசுப்பாக்கி, பொடியைத் தூவிப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றே நடவும். நாற்று விட்டு நடுவோர் விதையில் இதே நேர்த்தியைச் செய்து, பிடுங்கிய நாற்றின் வேரை லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்த நீரில் 20 முதல் 30 நிமிடம் நனைத்து நடலாம். ரசாயனப் பாதை என்றால் கிலோவுக்குத் திரம் 2 முதல் 3 கிராம், அல்லது அனுமதி உள்ள இடங்களில் கார்பென்டசிம் 2 கிராம். கார்பென்டசிம் பட்ட விதையில் டிரைக்கோடெர்மா பிழைக்காது, அதுவும் ஒரு பூசணம்தானே. செம்பு மருந்து பட்ட இடத்தில் சூடோமோனாஸ் பிழைக்காது, அது பாக்டீரியா. ஒன்று போட்டபின் மற்றொன்றுக்குக் குறைந்தது 10 நாள் இடைவெளி விடுங்கள். உயிர் மருந்து பலனில்லை என்பவர்களில் பலர் இரண்டையும் ஒரே வாளியில் கரைத்தவர்கள்.

மண்ணுக்கு இடும் டிரைக்கோடெர்மாவைப் பாக்கெட்டிலிருந்து அப்படியே வீசினால் அது பட்டினியில் சாகும். ஒரு ஏக்கருக்கு 1 கிலோ பொடியை 50 கிலோ நன்கு மட்கிய தொழு உரம், 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கோடு கலந்து, நீர் தெளித்து, நிழலில் குவித்து ஈரச் சாக்கால் மூடுங்கள். கைப்பிடி எடுத்து இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. அதுதான் சரியான ஈரம். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கிளறினால் 10 முதல் 15 நாளில் குவியல் முழுதும் இளம்பச்சை பூசணம் படரும். மாலை நேரத்தில், ஈரமுள்ள மண்ணில், நடவுக்கு முன் பாத்தியில் கலந்து மூடுங்கள். காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். வெயிலில் அடுக்கி வைத்த பாக்கெட்டில் உயிர் இருக்காது. மட்காத சாணம் வேண்டவே வேண்டாம். அது பூசணத்துக்குத் தீனி, வெங்காய ஈயின் புழுவுக்கு வீடு, அந்தப் புழு துளைத்த இடம் அழுகலுக்கு வழி.

மேட்டுப்பாத்தி 15 செ.மீ. உயரமாவது இருக்கட்டும். களிமண்ணில் இதில் சமரசம் கிடையாது. தண்ணீரைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுங்கள். பாய்ச்சிய நீர் அரை நாளுக்கு மேல் தேங்கினால் வேர் மூச்சுத் திணறும், திணறிய வேரில் பூசணம் ஏறும். சொட்டுநீர் இருந்தால் நோய் திட்டிலிருந்து அடுத்த பாத்திக்கு மண் கரைந்து போவதும் நிற்கும். களைக்கொத்து குமிழின் தோளில் படாமல் பாருங்கள். குமிழ் பருக்கத் தொடங்கியபின் கைக்களைதான் நல்லது. தழைச்சத்தைப் பிரித்து இட்டு, குமிழ் பருக்கும் கட்டத்துக்குள் முடித்துவிடுங்கள். பிந்திப் போடும் யூரியா தாளைக் கொழுக்க வைக்கும், கழுத்து தடிக்கும், தடித்த கழுத்து காயாமல் சேமிப்பில் அழுகும்.

இப்போது நோய் நிற்கும் வயலில் என்ன செய்வது? திட்டின் ஓரத்திலிருந்து நல்ல செடி இரண்டு வரிசையைச் சேர்த்துக் குச்சி நட்டு எல்லை போடுங்கள். உள்ளே உள்ள நோய்ச் செடிகளைச் சுற்றிய மண்ணோடு தோண்டி, பையில் போட்டு வெளியேற்றி, எரியுங்கள் அல்லது பயிர் செய்யாத இடத்தில் ஆழப் புதையுங்கள். வாய்க்காலிலும் எருக்குழியிலும் போட்டால் அடுத்த ஆண்டு வயல் முழுதும் பரப்பிக் கொடுத்ததாகும். தண்ணீர் அந்தத் திட்டைக் கடைசியில் தொடும்படி மடையை மாற்றுங்கள். எல்லைக்கு வெளியே நிற்கும் நல்ல செடிகளுக்கு மட்டும் வேரில் ஊற்றுங்கள்: பியூசேரியம் என்றால் கார்பென்டசிம் லிட்டருக்கு 1 கிராம், அல்லது காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம். வேர் மண்டலம் நனைய சதுர மீட்டருக்கு 2 முதல் 3 லிட்டர் கரைசல் வேண்டும். கரைசல் போதாமல் மேல்மண்ணை மட்டும் நனைப்பதுதான் இந்தச் சிகிச்சை தோற்பதற்கு முதல் காரணம். வெள்ளை அழுகலுக்கு நடவின்போது சாலிலேயே இடும் டெபுகொனசோல் வகை மருந்துகளால்தான் ஓரளவு பலன். நின்ற பயிருக்கு ஊற்றுவது காலம் கடந்தது. எந்த மருந்தானாலும் உங்கள் நாட்டில் இந்தப் பயிருக்கு அனுமதி உண்டா, அறுவடைக்கு எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும் என்பதை லேபிளில் படித்தபின் தொடுங்கள். கார்பென்டசிம் சில நாடுகளில் தடை செய்யப்பட்டது. தாளை வெங்காயத்தோடு சேர்த்து உண்பவர்கள் இருப்பதை மறக்க வேண்டாம்.

வயலில் 10 சதவீதத்துக்கு மேல் நோய் பரவி, குமிழ் ஓரளவு திரண்டிருந்தால், காத்திருக்காமல் முன்கூட்டியே பிடுங்கி, நல்லதைப் பிரித்து உடனே விற்றுவிடுவதே நஷ்டத்தைக் குறைக்கும். அந்த விளைச்சலைச் சேமிக்கவோ விதைக்கு வைக்கவோ கூடாது.

சேமிப்பில் வரும் அழுகல் தனிக் கதை, ஆனால் அதன் தொடக்கம் வயலில்தான். வெளித்தோலுக்கடியில் கரிப்பொடியாகத் தெரிவது கரும்பூசணம். 28 டிகிரிக்கு மேலான வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் பெருகும். கழுத்திலிருந்து கீழ்நோக்கிக் குழைந்து சாம்பல் பூப்பது கழுத்தழுகல். அறுவடையின்போது காயாத கழுத்து வழியாக நுழைந்து, வாரக்கணக்கில் மறைந்திருந்து வெளிப்படும். இரண்டுக்கும் மருந்து உலர்த்தல்தான். தாள் பாதிக்கு மேல் சாய்ந்தபின், கடைசித் தண்ணீருக்கு 10 முதல் 15 நாள் கழித்துப் பிடுங்குங்கள். ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசையின் குமிழை மூடும்படி கிடத்தி மூன்று முதல் ஐந்து நாள் வயலில் விடுங்கள். குமிழில் நேர்வெயில் பட்டால் தோல் வெந்து அந்த இடமே அழுகும். பிறகு காற்றோட்டமான நிழலில் 7 முதல் 10 நாள். கழுத்தை விரல்களால் உருட்டிப் பாருங்கள். வழுக்கல் இல்லாமல் காகிதம் போலச் சரசரத்தால் மட்டும், 2 முதல் 2.5 செ.மீ. விட்டுத் தாளை அறுங்கள். ஒட்ட அறுத்தால் அது திறந்த காயம். பூண்டைத் தாளோடு கட்டித் தொங்கவிட்டு உலர்த்துவது இன்னும் பாதுகாப்பு. அறுவடைக்கு முன்னோ பின்னோ மழை பட்டால் நிழல் உலர்த்தலை ஒரு வாரம் கூட்டுங்கள், கழுவி மண் நீக்கும் வேலையை மட்டும் செய்யாதீர்கள்.

சேமிப்பறையில் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம் நல்லது. வெப்பத்தில் இரண்டு நிலைதான் வெங்காயத்துக்கு ஒத்துவரும்: குளிரறையில் 0 முதல் 2 டிகிரி, அல்லது சாதாரண அறையில் 25 முதல் 30 டிகிரி. இடையில் வைத்தால் முளை கிளம்பும். பூண்டுக்கு 5 முதல் 10 டிகிரிதான் மிக மோசம், அந்தக் குளிரில்தான் அது சீக்கிரம் முளைக்கிறது. குவியலை 1.2 மீட்டருக்கு மேல் உயர்த்தாமல், தரையிலிருந்து தூக்கிய சட்டத்தில், அடியிலிருந்தும் காற்று ஏறும்படி வையுங்கள். மழைக்குப் பயந்து பாலித்தீன் தாளால் போர்த்தினால் உள்ளே வியர்த்து, ஒரு வாரத்தில் கரும்பூசணம் பிடிக்கும். கூரையின் தாழ்வாரத்தை நீட்டுவதே சரியான பாதுகாப்பு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குவியலின் அடிவரிசையில் கைவிட்டு எடுத்துப் பாருங்கள். அழுகல் மேலே தெரிவதற்கு முன் அங்கேதான் தொடங்கும். அழுகியதை எடுக்கும்போது அதைத் தொட்டுக்கொண்டிருந்த குமிழ்களையும் சேர்த்து எடுத்து, அவற்றை முதலில் பயன்படுத்திவிடுங்கள்.